வேலை வாங்கத் தெரிய வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடை, பட்டறை, கம்பெனி, மில் என்று ஆட்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊரையும் தொழிலையும் மட்டும் கொடுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தேன். போன மாதம் சேலை செக்‌ஷனுக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 14 பேர். நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர்கள், இன்று நான் ஒரு வேலை சொன்னால் சிரிக்கிறார்கள். கடைசியில் கலைந்து கிடக்கும் சேலைகளை நானே மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சேலை மடிப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கூட்டம் நெரிக்கிற நேரத்தில் கை கொடுப்பது வேறு. தினமும் நீங்களே மடித்தால், ‘சொல்லிட்டு அவரே செஞ்சிருவாரு’ என்பது ஒரு வாரத்தில் 14 பேருக்கும் தெரிந்துவிடும். சொன்னதை ஒருவர் செய்யவில்லையென்றால், அதே இடத்தில், அதே ஆளிடம், இரண்டாம் முறை சொல்லுங்கள். ‘யாராவது இதை மடிங்கப்பா’ என்று பொதுவில் சொன்ன வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். பெயர், வேலை, நேரம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். ‘செல்வி, காட்டன் ரேக் ரெண்டையும் நாலு மணிக்குள்ள அடுக்கிருங்க. நாலரைக்கு வந்து பார்க்கிறேன்.’ சொன்னபடி நாலரைக்குப் போய்ப் பாருங்கள். ஒருநாள் போகாமல் விட்டால் அடுத்த நாள் அந்த நேரத்துக்கு மதிப்பில்லை.

முதல் இரண்டு வாரங்களில் 14 பேரிடமும் தனித்தனியாகப் பதினைந்து நிமிஷம் பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர், கடை சூடு பிடிப்பதற்கு முன்னால் காலையில் என்று வைத்துக்கொண்டால் ஏழே நாளில் முடிந்துவிடும். மூன்று கேள்விகள் போதும்: இந்த செக்‌ஷனில் உங்கள் வேலையைக் கெடுப்பது எது? எந்த வேலை உங்களுக்கு நன்றாக வரும்? நான் எதை மாற்றாமல் விட வேண்டும்? பதிலை அவர்கள் கண்முன்னே நோட்டில் எழுதுங்கள். அவற்றில் சின்னதாக ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்து காட்டுங்கள். ஸ்டூல் இல்லை, கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது என்பது மாதிரி ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். உட்கார இடம் இல்லை என்று சொன்னால் அதைச் சலுகையாக எண்ணித் தட்டிக் கழிக்காதீர்கள். கடை ஊழியர்கள் வேலைக்கு நடுவே உட்கார்ந்துகொள்ள இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். முதலாளியிடம் எடுத்துச் சொல்லும்போது அது உங்களுக்குத் துணை நிற்கும்.

பழைய நண்பர்கள் ‘மாப்ள’ என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொன்னால் பதவி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்பார்கள். உங்கள் நடுநிலை கூப்பிடும் முறையில் தெரிவதில்லை, வார விடுமுறைப் பட்டியலில்தான் தெரியும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால், யாருக்கு எந்த நாள் லீவு, யார் முதல் பந்தியில் சாப்பிடப் போவது, யார் கடை அடைக்கும்வரை நிற்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நண்பருக்கு ஞாயிறு மூன்று முறை விழுந்திருந்தால் அதை எல்லோரும் எண்ணியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றில் விடுங்கள். உங்கள் பெயரும் அந்தச் சுற்றில் இருக்கட்டும்.

கப்பலூர் சிட்கோவில் ரப்பர் பொருள் தயாரிக்கும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். புதிதாக வரும் பையன்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ரிஜக்‌ஷன் குறையவில்லை. சிலருக்குத் தமிழும் தெரியாது. ‘புரிஞ்சுதா?’ என்றால் தலையாட்டுகிறார்கள். எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு ‘இல்லை’ என்று சொல்லும் தைரியம் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாளான யாருக்கும் இருக்காது. புரிந்ததா என்பது அவர் கை செய்வதிலும், செய்யும்போது அவர் வாய் சொல்வதிலும்தான் தெரியும்.

இதற்கு நன்றாக உரசிப் பார்த்த ஒரு முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமே இல்லாத ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களை வேகமாகப் பழக்குவதற்காக 1940-ல் மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதை இறுகப் பிடித்துக்கொண்டது. அதில் வேலை கற்றுக்கொடுப்பதற்கு நான்கே படிகள்: ஆளைத் தயார்படுத்துவது, செய்து காட்டுவது, அவரைச் செய்ய வைப்பது, பின்தொடர்ந்து பார்ப்பது. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. கசப்பாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கற்றுக்கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன செய்ய வேண்டும், அதில் எது முக்கியம், ஏன் முக்கியம். ஒரு புஷ் (உருளை வடிவ ரப்பர் பாகம்) மோல்டு செய்வதை, அதாவது அச்சில் அழுத்தி வேக வைப்பதை எடுத்துக்கொள்வோம். எடை, சூடு, நேரம் எல்லாம் உங்கள் ரப்பர் கலவையையும் மோல்டையும் பொறுத்து மாறும். இங்கே இருப்பவை உதாரணத்துக்கு.

முதல் வேலை, ரப்பர் துண்டை எடை போடுவது. முக்கியம்: 42 கிராம், ஒரு கிராம் கூடலாம் குறையலாம், அதற்கு மேல் கூடாது. ஏன்: குறைந்தால் பொருள் முழுதாக நிரம்பாது, கூடினால் பிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் மிச்சம்) தடித்து அளவு போய்விடும், டிரிம்மிங் ஆளுக்கும் இரட்டை வேலை. அடுத்தது, கேவிட்டியில் (மோல்டின் குழியில்) வைப்பது. முக்கியம்: நடுவில். ஏன்: ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் காற்று அடைபடும். மூன்றாவது, பிரஸ்ஸை மூடியதும் இரண்டு மூன்று முறை லேசாகத் திறந்து மூடுவது. புதியவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான், ஏனென்றால் பார்ப்பதற்கு அது தேவையில்லாத வேலை மாதிரி இருக்கும். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாவிட்டால் கொப்புளம் வரும் என்று காரணத்தோடு சொன்னால் விட மாட்டார்கள். நான்காவது, டைமர் அடிக்கும்வரை திறக்காமல் இருப்பது. முன்னால் திறந்தால் உள்ளே வேகாமல் பஞ்சு மாதிரி இருக்கும். ஐந்தாவது, பொருளை எடுப்பது. முக்கியம்: பித்தளைக் கம்பியால் மட்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஒரு கீறல் போட்டால், மோல்டைப் பாலிஷ் செய்யும்வரை வரும் ஒவ்வொரு பொருளிலும் அந்தக் கீறல் இருக்கும்.

இப்போது மூன்று முறை செய்து காட்டுங்கள். முதல் முறை என்ன செய்கிறோம் என்பதை மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை அதோடு முக்கியமானதையும், மூன்றாம் முறை காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் ஒன்றும் நிற்காது. காட்டும்போது அவர் உங்களுக்கு எதிரே நிற்கக்கூடாது. இடதும் வலதும் மாறிவிடும். பக்கத்தில், நீங்கள் பார்க்கும் திசையிலேயே நிறுத்துங்கள்.

பிறகு அவர் கை. முதலில் பேசாமல் செய்யட்டும். தப்பு நடக்கிற நொடியிலேயே நிறுத்தித் திருத்துங்கள், பழகிய பிறகு திருத்துவது மூன்று மடங்கு கஷ்டம். அடுத்து ஒவ்வொரு முக்கியத்தையும், அதன் காரணத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். தமிழ் தெரியாதவர் இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லட்டும். மொழி தெரிந்த பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். தாளில் எழுத்தைக் குறைத்து போட்டோ ஒட்டுங்கள். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் நல்ல பொருள் ஒன்று, கொப்புளம் வந்தது ஒன்று, நிரம்பாதது ஒன்று, வேகாததை வெட்டிக் காட்டியது ஒன்று என்று கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்கு மொழி தேவையில்லை.

கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘சரி, பாத்துக்க’ என்று தோளில் தட்டிவிட்டுப் போவதோடு பயிற்சி முடிவதில்லை. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஓர் ஆளின் பெயரைச் சொல்லுங்கள். முதல் நாள் அரை மணிக்கு ஒருமுறை, இரண்டாம் நாள் ஒரு மணிக்கு ஒருமுறை, அந்த வாரக் கடைசியில் ஷிப்டுக்கு இரண்டு முறை போய்ப் பாருங்கள். மெதுவாக ஓட்டும் முதல் இரண்டு ஷிப்டுக்கு உற்பத்திக் கணக்கைக் கேட்காதீர்கள். கேட்டால் அவர் முதலில் விடப்போவது அந்தத் திறந்து மூடுகிற வேலையைத்தான்.

மேலூர் பக்கம் அரிசி மில் மேனேஜர். எனக்குக் கோபம் அதிகம். சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது. இதை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும், அதுவும் மில்லின் லாபத்துக்காக. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பேரிங் சூடாவதை முதலில் உணர்வது அங்கே நிற்கும் ஆள். பெல்ட் ஓரம் பிசிறுவதையும், நொய் கொஞ்சம் கூடுதலாக விழுவதையும் அவர்தான் பார்ப்பார். போய்ச் சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தால், நம் ஷிப்ட் முடியும்வரை தாங்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடுவார். பேரிங் மாற்றிப் போக வேண்டிய செலவு, தண்டு தேய்ந்து மில் நிற்கும் செலவாகிவிடும். சத்தத்தால் கை வேகமாக நகரலாம், ஆனால் தகவல் நின்றுவிடும்.

செய்ய வேண்டியது: யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் உங்கள் முதல் வார்த்தை ‘நல்லவேளை சொன்னீங்க’ என்று இருக்கட்டும். இரண்டாவது, ‘இப்ப என்ன செய்யலாம்?’ யார் செய்தது என்ற விசாரணை மில் மறுபடி ஓடிய பிறகு போதும். ஒருவரைக் கண்டித்தே ஆக வேண்டும் என்றால் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். எந்த நேரத்தில் கோபம் வருகிறது என்று பத்து நாள் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் லோடு ஏற்றும் நேரம், பசி நேரம் என்று ஒன்றிரண்டு இடத்தில்தான் அது குவிந்திருக்கும். லோடு நேரத்துக்குச் சாக்கு, தராசு, பில் மூன்றையும் ஒரு மணி நேரம் முன்பே தயாராக வைத்தால் கத்த வேண்டிய அவசியமே பாதி குறையும்.

இலந்தைகுளம் ஐடி பூங்காவில் டீம் லீட், வயது 27. என் டீமில் இருக்கும் ஒருவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ரிப்போர்ட்டைத் தாமதமாக அனுப்புகிறார். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, அவர் வேலையையும் நானே ராத்திரி முடிக்கிறேன்.

மரியாதையும் நேர்ப்பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ‘சார்’ என்று கூப்பிடுவதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் மழுப்பாமல் சொல்லுங்கள். ‘நீங்க எப்பவுமே லேட் சார்’ என்றால் அவர் லேட் ஆகாத நாட்களைச் சொல்ல ஆரம்பிப்பார், பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். நாள், நேரம், நடந்தது, அதனால் என்ன ஆனது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கேள்வியில் நிறுத்துங்கள்.

‘சார், ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் ஆறு மணிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட் ஏழேகாலுக்குத்தான் வந்தது. ரெண்டு நாளும் கிளையண்ட் கால்ல நம்பர் இல்லாம உட்கார்ந்திருந்தோம். எங்க தடைப்படுது?’

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர், ‘பரவால்ல சார், பாத்துக்கலாம்’ என்று தாங்களே பேச்சைக் கெடுத்துவிடுகிறார்கள். அவர் சொல்லும் காரணம் உங்களுக்குத் தெரியாததாகக்கூட இருக்கலாம்; அவருக்கு டேட்டா வருவதே ஐந்தரைக்கு என்றால் தப்பு அவருடையது இல்லை. முடிவில் அவர் வாயால் ஒரு நேரம் வர வேண்டும்: ‘நாளையிலேர்ந்து அஞ்சே முக்காலுக்கு அனுப்பிடறேன்.’ அன்றே இரண்டு வரியில் அவருக்கு மட்டும் மெயில் போடுங்கள். குரூப் வாட்ஸ்அப்பில் ஒருபோதும் போடாதீர்கள்.

முதலில் பாராட்டி, நடுவில் குறையைச் செருகி, கடைசியில் மறுபடி பாராட்டுவது என்று ஒரு முறையைப் பலர் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு முறை அப்படிச் செய்தால், மூன்றாம் முறை நீங்கள் உண்மையாகவே பாராட்டும்போதும் அவர் அடுத்து வரும் ‘ஆனா’வுக்காகக் காத்திருப்பார். பாராட்டைத் தனி நாளில், தனி விஷயமாகச் சொல்லுங்கள். அதிலும் ‘சூப்பர் சார்’ போதாது. ‘அந்த மூணாவது ஷீட்ல வந்த வித்தியாசத்தை நீங்க கண்டுபிடிச்சதால கிளையண்ட் கேக்கறதுக்கு முன்னாடியே திருத்த முடிஞ்சது’ என்று சொல்லுங்கள்.

ராத்திரி அவர் வேலையை நீங்கள் முடிப்பதை இந்த வாரமே நிறுத்த வேண்டும். அது நடக்கும்வரை தாமதம் அவரைத் தொடவே இல்லை.

கே.புதூரில் லேத், ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். 11 பேர். ஒரு டேப் (மரை போடும் கருவி) வாங்குவதற்குக்கூட எனக்குப் போன் வருகிறது. பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால் தப்பாகிவிடுகிறது. எப்படிப் பிரிப்பது?

ஐந்து வேலை நாளுக்கு, வரும் ஒவ்வொரு போனையும் சின்ன நோட்டில் ஒரு கோடாகக் குறியுங்கள்: யார், எதற்காக. சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் நான்கைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள். செய்துவிட்டுச் சொல்லவே வேண்டாதவை: இவ்வளவு ரூபாய் வரை டேப், இன்சர்ட் (லேத்தில் வெட்டும் முனை), கிரைண்டிங் வீல் வாங்குவது, உதாரணமாக 2,000 ரூபாய், பில் டப்பாவில் விழ வேண்டும், அவ்வளவுதான். செய்துவிட்டுச் சொல்ல வேண்டியவை: மிஷின் மாற்றிப் போடுவது, ஒருவரை இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்துவது. சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டியவை: விலை பேசுவது, டெலிவரி தேதி மாற்றுவது, டிராயிங்கில் இல்லாததைச் செய்வது. இந்த மூன்றையும் சாக்பீஸால் பட்டறைச் சுவரில் எழுதினாலே போதும்.

தப்பாகிவிடுகிறது என்கிறீர்களே, நீங்கள் எங்கே போய்ப் பார்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். நூறு பீஸும் முடிந்தபின் பார்த்தால் நூறும் போயிருக்கும். முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போடுவது, இருபத்தைந்தாவதில் மறுபடி அளப்பது என்று சோதிக்கும் இடத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திடீரென்று வந்து எட்டிப் பார்ப்பதுதான் சந்தேகப்படுவதாகத் தோன்றும். முன்பே சொல்லி வைத்த சோதனை யாரையும் புண்படுத்தாது.

இன்னொரு பழக்கம். ஆள் கேள்வியோடு வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள். ‘நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?’ என்று கேளுங்கள். முதல் வாரம் விழிப்பார்கள். மூன்றாம் வாரம் இரண்டு யோசனையோடு வருவார்கள். அவர் யோசனை உங்களுடையதைவிடக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும், நஷ்டம் தாங்கக்கூடியது என்றால் அதையே செய்ய விடுங்கள். பொறுப்பைக் கொடுத்து, ஒரு தப்பு நடந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் முதலாளியிடம் மறுபடி யாரும் பொறுப்பு வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. படிக்கலாமா?

கணக்கு, சந்தை, நிதி புரிய அது உதவும். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் படிப்பு இருக்கிறது. கையில் பணம் இல்லையென்றால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசமாகப் பாடம் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆனால் ஆளிடம் பேசுவது, வேலையைப் பிரிப்பது, கற்றுக்கொடுப்பது மூன்றும் நீச்சல் மாதிரி. தண்ணீரில் இறங்கித்தான் பழக வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு பழக்கம் என்று எடுத்து, தினமும் செய்தேனா இல்லையா என்று காலண்டரில் டிக் போட்டு வாருங்கள்.

அலங்காநல்லூர் ரோட்டில் மசாலாப் பொடி கம்பெனி, ஒன்பது பேர். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் லீவு கேட்டால் கொடுக்க முடியவில்லை. கொடுக்காவிட்டாலும் வருவதில்லை.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு நடக்கும் நாட்களில் இந்தப் பக்கத்து இளைஞரை மிஷின் முன் நிறுத்த யாராலும் முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அப்படித்தான். தேதி ஆறு மாதம் முன்பே தெரிந்த விஷயம் என்பதால், அதைத் திடீர் லீவாக நினைக்காமல் உற்பத்தித் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்னால் பட்டியலைச் சுற்றுக்கு விட்டு, பொங்கலுக்கு முழு லீவு எடுப்பவர் சித்திரையில் ஒருநாள் வேலைக்கு வருவார் என்று அவர்களையே பேசி முடிக்கச் சொல்லுங்கள். அறிவித்த பண்டிகை விடுமுறை நாளில் வேலைக்கு வருபவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை என்பது 1958-ஆம் வருஷத்துச் சட்டம். அதைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் ஒன்பது பெயர், மேலே வறுப்பது, அரைப்பது, சலிப்பது, பேக்கிங் மிஷின், பெட்டி கட்டுவது, பில் போடுவது என்று ஆறு வேலை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், கற்றுக்கொண்டிருப்பவருக்கு ஒரு கோடு, துணையோடு செய்பவருக்கு இரண்டு, தனியாகச் செய்பவருக்கு மூன்று, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கு நான்கு கோடும் சேர்ந்த சதுரம். பிறகு மேலிருந்து கீழாகப் பாருங்கள். மூன்று கோடு வாங்கியவர் ஒருவர்தான் என்று எந்த வரிசை காட்டுகிறதோ, அவர் லீவில் போனால் கம்பெனி நிற்கும். பெரும்பாலும் அது பேக்கிங் மிஷினாகத்தான் இருக்கும். சீல் சூடு ஏறினால் கவர் உருகும், இறங்கினால் வாய் பிரியும், அந்தப் பதம் ஒருவர் கையில் மட்டும் இருக்கும். அவர் பக்கத்தில் இன்னொருவரை வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். தை முடிந்த கையோடு ஆரம்பித்தால் சித்திரைக்குள் இரண்டாவது ஆள் மூன்று கோட்டுக்கு வந்துவிடுவார். தாளை ஆபீஸ் பீரோவில் வைக்காமல் மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கோடு கூடும்போது அதைப் போடும் பேனா அவர் கையில் இருக்கட்டும்.